தரத்தைக் கேட்காதே அக்கா, தாளைக் கேள்

கடந்த ஜூலையில் ஓர் இரவு, ஆய்வகத்திலிருந்து விடுதிக்குத் திரும்பி, உணவுக்கூடம் மூடிவிட்டதே என்று வருந்திக்கொண்டிருந்த வேளையில், இங்கிலாந்தில் வாழும் என் அக்கா அழைத்தாள். குரலில் அழுகை இருந்தது. மகளுக்குப் பள்ளியில் முன்கணிப்புத் தரங்களை அறிவித்துவிட்டார்களாம். உயிரியலில் பி, வேதியியலில் பி, கணிதத்தில் சி. அவள் படிக்க விரும்புவது ஃபார்மசி. அவள் மனத்தில் வைத்திருந்த பல்கலைக்கழகங்களில் ஒன்று ஏ, ஏ, பி கேட்கிறது. மற்றவை ஏ, பி, பி கேட்கின்றன.

"நீதான் ஆராய்ச்சி பண்றவளாச்சே. நல்ல இங்கிலீஷ்ல ஸ்கூலுக்கு ஒரு மெயில் எழுதிக் கொடுடி. ரெண்டு கிரேடு ஏத்திப் போட்டா அவங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றாள்.

எழுதித் தர மறுத்துவிட்டேன். அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் மறுத்ததற்கான காரணங்களையும், மறுத்த பின் நாங்கள் செய்தவற்றையும், அவற்றையெல்லாம் செய்து முடித்தபின் எனக்கே எழுந்த ஓர் உறுத்தலையும் எழுதி வைக்க விரும்புகிறேன். பதிவு நீளமானது. பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப எண்ணுவோரும், அங்கே வளரும் உறவுப் பிள்ளைகளை உடையோரும் பொறுத்தருள்க.

முதலில் இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சில சொற்கள். சிக்ஸ்த் ஃபார்ம் என்பது நம்முடைய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு ஏறக்குறைய நிகரான ஈராண்டு. அங்கே அவற்றை 12ஆம் ஆண்டு, 13ஆம் ஆண்டு என்பர். பெரும்பாலான மாணவர்கள் மூன்றே பாடங்களை எடுத்து ஆழமாகப் படிக்கிறார்கள். ஏ லெவல் தேர்வு 13ஆம் ஆண்டின் இறுதியில், மே, ஜூன் மாதங்களில் நடக்கிறது. முடிவுகள் ஆகஸ்ட் நடுவில் வெளியாகின்றன. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பமோ அதற்கு வெகு முன்பே போய்விட வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகள் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15. ஏனைய பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி. யூகாஸ் என்னும் ஒரே அமைப்பின் வழியாக, அதிகம் போனால் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆக, எழுதாத தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு இடம் கேட்க வேண்டிய நிலை. அந்த இடைவெளியை நிரப்பவே பள்ளி ஒரு தரத்தைக் கணித்து அனுப்புகிறது. நல்ல சூழல் வாய்த்தால் இந்த மாணவர் எந்தத் தரத்தைப் பெறுவார் என்று பள்ளி நம்புகிறதோ அதுவே முன்கணிப்புத் தரம் என்பது யூகாஸ் தரும் விளக்கம். அதைப் பார்த்துப் பல்கலைக்கழகம் நிபந்தனையோடு இடம் தருகிறது: ஆகஸ்டில் இன்ன தரம் வந்தால் வா என்று. நம் ஊரில் ஜாதகம் பார்ப்பவர் செய்யும் வேலையை அங்கே வேதியியல் ஆசிரியர் செய்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

முன்னாளில் இந்தக் கணிப்புக்கு இவ்வளவு பாரம் இருந்ததில்லை. ஏஎஸ் என்னும் தேர்வை 12ஆம் ஆண்டின் முடிவிலேயே மாணவர் எழுதினார். அது முழு ஏ லெவலில் பாதியாகக் கணக்கிடப்பட்டது. விண்ணப்பத்தைப் படிப்பவர் கையில் உண்மையான ஒரு பொதுத் தேர்வின் முடிவு இருந்தது. 2015 முதல் இங்கிலாந்தில் படிப்படியாக அந்த இணைப்பை அறுத்துவிட்டார்கள். எல்லாம் இறுதித் தேர்வுக்கே என்றானது. ஏஎஸ் போன இடத்தில் பள்ளியின் உள்தேர்வும் ஆசிரியரின் மதிப்பீடும் வந்து அமர்ந்தன. (ஸ்காட்லாந்து மாணவர்கள் ஹையர் தேர்வுகளை ஓராண்டு முன்னதாகவே எழுதிவிடுவதால் கையில் மெய்யான முடிவுகளோடு விண்ணப்பிக்கிறார்கள். ஒரே தீவு, ஒரே யூகாஸ், இரு வேறு நியாயங்கள்.)

இனி அக்காவின் வாதத்துக்கு வருகிறேன். அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "எல்லாப் பள்ளியும் ஏற்றித்தான் போடுகிறது; நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் உண்மை?" என்பது அவள் கேள்வி. சான்றுகள் அவள் பக்கமே நிற்கின்றன. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர் கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களின் சிறந்த மூன்று பாடங்களை எடுத்துப் பார்த்தபோது, கணித்ததும் கிடைத்ததும் பொருந்தியவர்கள் 16 விழுக்காட்டினர் மட்டுமே. 75 விழுக்காட்டினருக்குப் பள்ளி கூடுதலாகவே கணித்திருந்தது. குறைத்துக் கணிக்கப்பட்டவர்கள் எஞ்சிய 9 விழுக்காட்டினர். அதாவது கூட்டிப் போடுவதே அங்கு வழக்கம். வழக்கத்தை மீறி உண்மையை எழுதும் பள்ளியின் பிள்ளை வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும்.

ஆசிரியரையும் குறை சொல்வதற்கில்லை. பி என்று எழுதினால் பிள்ளைக்குக் கதவு மூடுகிறது. ஏ என்று எழுதினால் தட்டிப் பார்க்கவாவது ஒரு கதவு இருக்கிறது. பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்தைத் தினமும் பார்க்கும் ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை யூகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் "நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் பேராசிரியர்களிடம் வளர்ந்த நான், இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியரின் இரக்கத்தைப் பழிக்க எந்தத் தகுதியும் உடையவள் அல்லள்.

அப்படியிருந்தும் ஏன் மறுத்தேன்? அந்த மின்னஞ்சலால் பயன் விளையாது என்பது முதற்காரணம். பல்கலைக்கழகம் கேட்கும் தரத்தைப் பார்த்தோ பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கியோ கணிப்பை அமைக்கக் கூடாது என்று யூகாஸ் பள்ளிகளுக்கு வழிகாட்டுகிறது. "அவள் விரும்பும் படிப்புக்கு ஏ வேண்டும், ஆகவே ஏ தருக" என்று எழுதும் மடல், ஆசிரியர் எதைக் கணக்கில் எடுக்கக் கூடாதோ அதை மட்டுமே எடுத்துரைக்கிறது. அவர் மனம் இரங்கினாலும் கோப்பில் சேர்த்து வைக்க அவரிடம் ஒரு தாள்கூட இராது.

அதைவிடப் பெரிய காரணம், ஏற்றிப் போட்ட கணிப்பு ஆகஸ்டில் திருப்பிக் கேட்கப்படும் கடன் என்பது. விண்ணப்பித்தவர் வந்த இடங்களுள் ஒன்றை முதல் தேர்வாகவும் இன்னொன்றைக் காப்புத் தேர்வாகவும் பிடித்து வைத்துக்கொள்ளலாம். மிகையான கணிப்பைக் கண்ட ஐந்து பல்கலைக்கழகங்களும் உயர்ந்த நிபந்தனையே விதித்தால், காப்பு என்று பெயரளவில் இருப்பதும் காப்பாக இராது. ஆகஸ்டில் பி, பி, சி வந்து இரண்டும் கைநழுவினால், கிளியரிங் என்னும் எஞ்சிய இடங்களுக்கான சந்தையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு காலை முதல் காத்திருக்க வேண்டியதுதான். கிளியரிங்கில் நல்ல இடம் பெற்றவர்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் திட்டமிட்டு அங்கே போய் நிற்பது விவேகமாகாது.

மூன்றாவது காரணத்தை அக்காவிடம் அன்று சொல்லவில்லை. அடுத்த அறையில் மகள் இருந்தாள். அம்மா தன் பொருட்டுப் பள்ளியிடம் தரத்தை இரந்து வாங்குகிறாள் என்று அந்தப் பெண் அறிந்தால், அந்த ஏ அவளுக்கு எப்படித் தோன்றும்? பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் "சார் சொல்லிப் போட்டுக் கொடுத்த" மதிப்பெண் இன்றும் எனக்கு என் மதிப்பெண்ணாகத் தோன்றியதில்லை.

மூன்றாம் நாள் நானே அழைத்தேன். "தரத்தைக் கேட்காதே அக்கா. தாளைக் கேள்" என்றேன். கோபம் தணியாவிட்டாலும் கேட்டுக்கொண்டாள். இருவரும் சேர்ந்து பள்ளிக்கு ஒரு சிறு மடல் எழுதினோம். உண்மையில் அதை எழுதியவள் என் அக்கா மகளே. நான் இரண்டு இடங்களில் சொற்களைக் குறைத்தேன், அவ்வளவுதான். அதில் தரத்தை மாற்றுமாறு எந்த வேண்டுகோளும் இல்லை. 12ஆம் ஆண்டு இறுதித் தேர்வின் திருத்திய விடைத்தாள்களைப் பார்க்கலாமா. கணிப்பு எந்தெந்தத் தேர்வுகளின் அடிப்படையில் அமைந்தது. அதை மறுபடி பரிசீலிப்பதாயின் எந்தத் தேதிக்குள், எத்தகைய சான்றை ஆசிரியர்கள் ஏற்பார்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள்.

நான்கு நாளில் விடை வந்தது. தாள்களின் படிகள் கிடைத்தன. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் இரண்டாம் வாரத்தில் மறுதேர்வு ஒன்று உண்டு, வேதியியலுக்கும் கணிதத்துக்கும் அதில் அமரலாம், அதன் முடிவைக் கருதுவோம் என்றார்கள். அக்காவுக்கு வியப்பு. எனக்கும்தான். இப்படி ஒரு மறுதேர்வு இருப்பதைப் பள்ளி ஏன் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கேள்வியை அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்களிடம் ஆறு வாரங்கள் இருந்தன. வாரம் மூன்று நாள், அவளுக்கு மாலை ஆறு மணி, எனக்கு இரவு பத்தரை. என் பங்கு பெரிதன்று. பாடம் நடத்தியவர்கள் அவளுடைய ஆசிரியர்களே. நான் செய்ததெல்லாம் விடைத்தாளை வரி வரியாகப் படித்தது.

வேதியியல் தாளில் நான் கண்டது எனக்கே பாடமாயிற்று. அவளுக்கு வேதியியல் தெரிந்திருந்தது. தெரிந்ததை மதிப்பெண்ணாக மாற்றும் கலைதான் தெரியவில்லை. ஒரு கேள்வி: இன்ன சேர்மத்தின் கொதிநிலை ஏன் மற்றதைவிட உயர்ந்தது? "பிணைப்புகள் வலிமையானவை, அவற்றை முறிக்க அதிக ஆற்றல் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். ஆங்கிலத்தில் மிக அழகான வாக்கியம். மதிப்பெண் சுழியம். நீர் கொதிக்கும்போது மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு முறிவதில்லை. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசைதான் வெல்லப்படுகிறது. கேட்டால், "அது தெரியும் சித்தி, அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள். சொல்ல வந்ததைத் திருத்துநர் எப்படி அறிவார்?

கரிம வினைவழிமுறைகளில் வளைந்த அம்புக்குறி வரைய வேண்டும். அம்பு தனித்த இணை எலக்ட்ரான்களிலிருந்தோ ஒரு பிணைப்பிலிருந்தோ புறப்பட வேண்டும். எலக்ட்ரான்கள் சென்று சேரும் இடத்தில் முடிய வேண்டும். இவள் அம்பு அணுவின் அருகே எங்கோ ஆகாயத்தில் தொடங்கியது. ஆறு அம்புகளில் நான்குக்கு மதிப்பெண் போயிருந்தது. கணக்குகளில் பொருள்படு இலக்கங்களைப் பற்றிய கவலையே இல்லை. நான் ஒரு பட்டியலிட்டேன்: பாடமே தெரியாமல் இழந்த மதிப்பெண்கள் ஒரு நிரல், தெரிந்தும் எழுத்தில் இழந்தவை மற்றொரு நிரல். இரண்டாம் நிரல் முதல் நிரலைவிட நீண்டிருந்தது. அந்தத் தாளை அவள் தன் மேசைக்கு மேல் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

அங்கே தேர்வு வாரியங்கள் பழைய வினாத்தாள்களோடு மதிப்பெண் வழங்கும் திட்டத்தையும், தேர்வாளர்களின் அறிக்கைகளையும் வெளியிடுகின்றன. இந்த அறிக்கைகளைத்தான் நான் பெற்றோர்களுக்கு வற்புறுத்திச் சொல்வேன். எந்தக் கேள்வியில் நாடெங்கும் மாணவர்கள் எப்படித் தடுக்கி விழுந்தார்கள் என்பதைத் தேர்வாளரே எழுதி வைத்திருக்கிறார். கட்டணம் வாங்கும் பயிற்சி மையங்கள் இரகசியம்போல் விற்பவற்றுள் பாதி இந்த அறிக்கைகளில் இலவசமாகக் கிடக்கிறது. அவள் எழுதும் ஏக்யூஏ வேதியியலில் மூன்று தாள்கள், தலா இரண்டு மணி நேரம். 105, 105, 90 என்று மொத்தம் 300 மதிப்பெண். ஒவ்வொரு தாளிலும் எழுத்துப் பிழையால் பத்துப் பத்து மதிப்பெண்ணை மீட்டாலே தரம் மாறக்கூடும் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும், முதன்முறையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

கணிதம் வேறு கதை. அங்கே உண்மையாகவே பாடம் ஓட்டையாக இருந்தது. இயக்கவியலில் விசைப்படம் வரையாமலே சமன்பாட்டுக்குத் தாவுவாள். குறி மாறிப் போகும். புள்ளியியலில் கருதுகோள் சோதனையின் முடிவில் எண்ணோடு நின்றுவிடுவாள். கேள்வியில் சொன்ன பேருந்தோ விதையோ எதைப் பற்றியதோ, அந்தச் சூழலில் வைத்து முடிவை எழுதவில்லையென்றால் இறுதி மதிப்பெண் கிடைக்காது. விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு என்பதை அறியாமல், தவறென்று தோன்றிய வழிகளையெல்லாம் முழுவதும் அடித்து வைத்திருந்தாள். அடித்தவற்றுள் இரண்டு சரியானவை! அதைக் கண்டு இருவரும் நெடுநேரம் சிரித்தோம். பின் அவள் கொஞ்சம் அழுதாள்.

உயிரியலில் நான் எதுவும் உதவவில்லை. எனக்கு அது தெரியாது.

செப்டம்பர் மறுதேர்வுக்குப் பின் வேதியியல் கணிப்பு ஏ ஆயிற்று. கணிதம் பி. உயிரியல் இருந்த பி அப்படியே. ஏ, பி, பி. அக்கா விரும்பிய ஏ, ஏ, பி வரவில்லை. அந்த ஒரு பல்கலைக்கழகத்தைப் பட்டியலில் வைப்பதா நீக்குவதா என்று வீட்டில் ஒரு வாரம் வாதம் நடந்தது. வைத்துக்கொண்டார்கள், மற்ற நான்கும் எட்டக்கூடியவையாகத் தேர்ந்தார்கள். அது சரியான முடிவென்றே கருதுகிறேன்.

இங்கே நான் இந்தப் பதிவை நிறுத்தியிருந்தால் நண்பர்கள் பாராட்டிவிட்டுப் போயிருப்பீர்கள். நான் உறுத்தல் என்று சொன்னது இதற்குப் பின்னால்தான்.

ஆகஸ்டின் பிற்பகுதியில் எங்கள் வகுப்பில் இன்னொரு பெண்ணும் சேர்ந்திருந்தாள். அக்கா மகளின் தோழி, அதே பள்ளி, அதே பாடங்கள். தாய் முதியோர் இல்லமொன்றில் இரவுப் பணியில் இருப்பவர். அந்தப் பெண் கூர்மையானவள். இயக்கவியலில் என் அக்கா மகளுக்கு அவளே பல முறை விளக்கினாள். அவளுடைய கணிப்பும் ஜூலையில் பி, பி, சிதான். ஆனால் மறுதேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அப்படிக் கேட்கலாம் என்று எனக்குத் தெரியாது" என்றாள். கேட்கலாம் என்று தெரிந்தபோது நாள் கடந்துவிட்டது. அவள் ஜூலையில் தந்த கணிப்போடேதான் விண்ணப்பித்தாள்.

அதே வைனஸ் ஆய்வில், உயர்ந்த தரம் பெற்றவர்களுள் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளே வசதியான வீட்டுப் பிள்ளைகளைவிட அதிகமாகக் குறைத்துக் கணிக்கப்பட்டார்கள் என்ற செய்தியும் உண்டு. அதைப் படித்தபோது ஆசிரியர்களின் மனச்சாய்வு என்று எண்ணியிருந்தேன். அதுவும் இருக்கலாம். ஆனால் அந்தத் தோழியைப் பார்த்தபின் வேறொன்றும் புரிந்தது. தாளைக் கேட்கத் தெரிந்த ஒரு சித்தி இருப்பதும் இல்லாமற்போவதும்கூட அந்த எண்ணிக்கையில் சேர்ந்துகொள்கிறது. வற்புறுத்தி வாங்காமல் நேர்மையாக உழைத்து உயர்த்தினோம் என்று நான் பெருமைப்பட்டது உண்மை. அந்த நேர்மையான வழிக்கும் ஒரு வாயில் இருந்தது, அதன் சாவி எங்கள் வீட்டில் இருந்தது என்பதும் உண்மை.

அப்படியாயின் ஆசிரியரின் கையிலிருந்து இதைப் பிடுங்கிக் கணிப்பொறியிடம் கொடுத்துவிடலாமா? அதையும் செய்து பார்த்தார்கள். 2020இல் பெருந்தொற்றினால் தேர்வுகள் நின்றபோது, ஆஃப்குவால் என்னும் ஒழுங்குமுறை அமைப்பு, பள்ளியின் பழைய தேர்ச்சி வரலாற்றைக் கலந்து தரங்களை வழங்கியது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 40 விழுக்காட்டுத் தரங்கள் ஆசிரியர் தந்ததைவிடக் குறைந்திருந்தன. மிகச் சிறிய வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீட்டை அப்படியே ஏற்றதால் அத்தகைய வகுப்புகளை நடத்த வசதியுள்ள தனியார் பள்ளிகளுக்கு ஆதாயம்; முன்பு சுமாராகத் தேறிய பள்ளியில் தலைதூக்கிய கெட்டிக்காரப் பிள்ளைக்கு இழப்பு. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நான்கே நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அரசு பின்வாங்கி ஆசிரியர் தந்த தரங்களையே ஏற்றது.

அதைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை. மறு ஆண்டு நம் சிபிஎஸ்இ வாரியம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நீக்கியபோது, பத்தாம் வகுப்பு 30, பதினொன்று 30, பன்னிரண்டு 40 என்று கலந்து, பள்ளியின் முந்தைய மூன்றாண்டுகளுள் சிறந்த ஆண்டை அளவுகோலாக வைத்தது. அங்கே போலவே இங்கும் பிள்ளையின் தலையில் பள்ளியின் வரலாறு ஏற்றப்பட்டது. தேர்ச்சி 99.37 விழுக்காடு ஆனதால் இங்கே தெருவில் இறங்க ஆளில்லை, அவ்வளவே.

நேரான தீர்வு ஒன்று உண்டு: தேர்வு முடிவு வந்தபின் விண்ணப்பம். 2004இல் ஸ்டீவன் ஷ்வார்ட்ஸ் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 2021இல் அரசு அதைப் பற்றிக் கருத்துக் கேட்டது. 2022 பிப்ரவரியில் வேண்டாமென்று விட்டுவிட்டது. ஆகஸ்டில் முடிவு, செப்டம்பர் கடைசியில் கல்லூரி, இடையில் நேரமில்லை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் தடை. மே மாதத்தில் முடிவைக் கண்டு, ஓரிரு மாதத்தில் இலட்சக்கணக்கானோருக்கு இடம் ஒதுக்கும் நாட்டிலிருந்து பார்க்கையில் இந்தத் தடை எனக்கு மிகையாகத் தோன்றுகிறது. நம் முறை சொர்க்கம் என்று சொல்லவில்லை. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சில 2021இல் 100 விழுக்காடு கேட்டதையும், மறு ஆண்டே க்யூட் நுழைவுத் தேர்வு வந்து, அதற்கும் பயிற்சி மையங்கள் முளைத்ததையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் நம் பிள்ளை எழுதிய தாளுக்குத்தான் மதிப்பெண். எழுதப்போகும் தாளுக்கு அன்று.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்போருக்கு இந்த விலக்கும் இல்லை. வாரியத் தேர்வு பிப்ரவரி, மார்ச்சில். யூகாஸ் கடைசி நாள் ஜனவரியில். ஆகவே இங்குள்ள பள்ளி முதல்வரும் கணிப்புக் கடிதம் தருகிறார். பெருநகரப் பள்ளிகள் சிலவற்றில் இதற்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சிற்றூர்ப் பள்ளி முதல்வருக்கோ அப்படி ஒரு கடிதம் உண்டென்பதே செய்தி. அங்கிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இருந்தால், கடிதத்தை நவம்பரிலேயே கேளுங்கள். அரையாண்டுத் தேர்வின் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 95 என்று எழுதச் சொல்லி அவரை இக்கட்டில் ஆழ்த்தாதீர்கள், மே மாதத்தில் அந்த எண்ணோடு வாழப்போவது பிள்ளை.

அக்கா மகளின் பள்ளிக்கு நாங்கள் இன்னொரு மடல் எழுதியிருக்கிறோம். மறுதேர்வின் நாளையும், அதற்குப் பெயர் கொடுக்கும் முறையையும், கணிப்பு எதன் அடிப்படையில் அமைகிறது என்பதையும் ஜூன் மாதத்திலேயே 12ஆம் ஆண்டு மாணவர் அனைவருக்கும் எழுத்தில் தர வேண்டும் என்பது வேண்டுகோள். கையெழுத்திட்டவர்கள் இருவர், அக்காவும் அந்தத் தோழியின் தாயும். கருதுவோம் என்று ஒற்றை வரியில் விடை வந்திருக்கிறது. மறுபடி கேட்பதாக அக்கா சொல்லியிருக்கிறாள். இம்முறை என்னிடம் ஆங்கிலம் கேட்கவில்லை.

தோழிக்கு இரண்டு இடங்களிலிருந்து நிபந்தனையோடு அழைப்பு வந்துவிட்டது, மூன்றிலிருந்து இன்னும் வரவில்லை. குளிர்காலமாதலால் இப்போது அவர்களுக்கு மாலை ஆறு என்றால் எனக்கு இரவு பதினொன்றரை. இருவரும் வருகிறார்கள். இந்த வாரம் இயக்கவியல், சாய்தளத்தில் உராய்வு.